வேலூரில் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? அளவு, செலவு, பில், வாரண்டி எல்லாம் வரிசையாக

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஆர்15, டியூக், ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310, நின்ஜா 300 மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு, வண்டியோடு வந்த டயர் தேய்ந்ததும் குழப்பம் தொடங்கிவிடும். கடைக்காரர் ஒன்று சொல்வார், நண்பர் ஒன்று சொல்வார், வீடியோவில் வருபவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். எனக்கு ஒரு பின் டயர் வாங்கப் போய் கடை கடையாக அலைச்சல், அப்புறம் அதே டயரின் வாரண்டிக்காக வாரக்கணக்கில் அலைச்சல். முதல் முறை டயர் மாற்றுகிறவர்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கம் வண்டி ஓடுவது பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான். வாரம் முழுக்க தேசிய நெடுஞ்சாலை 48இல் ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நிமிர்ந்தபடி ஓட்டுகிறோம். சாய்த்து ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ சில மணி நேரம். அதனால் நம் டயர் நடுவில் சாகிறது, ஓரத்தில் புதிது மாதிரியே இருக்கிறது. மே மாத வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதால் தேய்மானம் இன்னும் வேகமாகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் மனதில் வைத்துச் சொல்வதுதான்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ முக்கோணக் குறியோ இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தேடினால் கிடைக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆம் விதிப்படி இருசக்கர வண்டிக்குக் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மில்லிமீட்டர். அது சட்டத்தின் எல்லை. மழைக்காலத்துக்கு அது போதாது. நடுவில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரோடு ஐப்பசி மழையில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், தண்ணீரை வெளியே தள்ள அதில் வழி இல்லை. பள்ளம் அளக்கும் கருவி இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள்.

பள்ளம் மிச்சம் இருந்தாலும் மாற்ற வேண்டிய நிலைமைகள் உண்டு. நம் பக்கம் அதிகம் பார்ப்பது பின் டயர் நடுவில் தட்டையாகிப் போவது. வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். புது டயர் ஒரே வளைவாகத் தெரியும். நெடுஞ்சாலையில் உழைத்த டயரில் நடுவில் ஒரு பட்டை சமதளமாகி, அதன் இரு பக்கமும் விளிம்பு கட்டியிருக்கும். நேரே போகும்போது எதுவும் தெரியாது. வளைவில் சாய்க்கும்போது அந்த விளிம்பைத் தாண்டும் நொடியில் வண்டி தொபக்கென்று உள்ளே விழும். ஏலகிரியில் புதிதாக ஓட்டுகிறவர்கள் "வண்டி சாயவே மாட்டேங்குது, சாய்ஞ்சா சட்டுனு விழுது" என்று சொல்வதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ஓட்டுபவர் மேல் பழி போகிறது, டயரை யாரும் பார்ப்பதில்லை.

முன் டயருக்கு வேறு சோதனை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்பக்கமாக ஒரு முறை, பின்பக்கமாக ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுவென்றும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரி கையில் இடறியும் இருந்தால், பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு ரப்பர் கட்டியும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. காற்று குறைவாக வைத்து ஓட்டுவதும், முன் பிரேக்கைத் திரும்பத் திரும்பப் பலமாகப் பிடிப்பதும், முன் சஸ்பென்ஷன் தளர்ந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். சஸ்பென்ஷனைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் இதே கதிக்கு வரும்.

பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள், கொப்புளம், உள் நூல் தெரியும் கீறல் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

2. எந்த ரப்பர் என்பதை உங்கள் பாதை முடிவு செய்யட்டும்

மென்மையான ரப்பர் சாலையைக் கவ்வும், சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நாள் கணக்கில் உழைக்கும், குளிர்ந்த ஈரச் சாலையில் கொஞ்சம் வழுக்கும். நடுவில் கடினம், ஓரத்தில் மென்மை என்று இரண்டு ரப்பர் வைத்துச் செய்யும் டயர்களும் உண்டு. நம் பக்கத்து ஓட்டத்துக்கு இந்த வகையோ, நெடுந்தூர ஓட்டத்துக்கான ஸ்போர்ட் டூரிங் வகையோதான் பொருத்தம் என்பது என் கருத்து. சுத்த ஸ்போர்ட்ஸ் டயரின் மென்மை வளைவில்தான் பயன்படும். நாம் அதைப் பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கும் வாலாஜா டோல்கேட்டுக்கும் நடுவே நேர் ரோட்டில் தேய்த்துத் தீர்த்துவிடுகிறோம்.

என் வட்டத்தில் 300, 390 சிசி வண்டி ஓட்டுபவர்களின் அனுபவத்தில் மென்மையான பின் டயர் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர் வரை வருகிறது. டூரிங் வகை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டுகிறது, பொறுமையாக ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கூட. முன் டயர் பெரும்பாலும் பின் டயரை விட ஒன்றரை மடங்காவது உழைக்கும். 150 சிசி வண்டிக்கு இழுவை குறைவு என்பதால் எல்லாமே கூடுதலாக வரும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள் என்றால் மென்மையான டயருக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை என்றால் டூரிங் டயரே போதும், அதன் எல்லையைத் தொட நமக்கு நிறையப் பயிற்சி வேண்டும்.

3. பக்கச் சுவரைப் படியுங்கள்

ஆர்15இன் பின் டயரில் 140/70 ஆர் 17 66 எச் என்று இருக்கும். 140 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல், அதாவது டயருக்குள் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்க்குறுக்காக ஓடும் வகை. அந்த இடத்தில் சின்னக் கோடு இருந்தால் பயஸ், அதாவது நூல்கள் சாய்வாக ஒன்றன் மேல் ஒன்று குறுக்கிடும் வகை. 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 66 என்பது எடை தாங்கும் குறியீடு, 300 கிலோ. கடைசி எழுத்து வேகத்துக்கு: எஸ் 180, எச் 210, வி 240, டபிள்யூ 270 கிலோமீட்டர் வரை. எடைக் குறியீடும் வேக எழுத்தும் வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகவே கூடாது.

390 டியூக், ஆர்சி 390, ஆர்ஆர் 310, டாமினார் எல்லாவற்றுக்கும் முன்னால் 110/70 ஆர் 17, பின்னால் 150/60 ஆர் 17. இந்த அளவுக்கு விற்பனையில் நிறைய வகைகள் உண்டு. 140/70க்குக் கொஞ்சம் குறைவு.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. "ஒரு சைஸ் பெருசா போட்டுக்கோங்க தம்பி, கிரிப் சூப்பரா இருக்கும், பாக்கவும் கெத்தா இருக்கும்" என்பார்கள். கேட்காதீர்கள். ரிம்மின் அகலம் மாறாமல் டயரை மட்டும் அகலமாக்கினால், இரு ஓரமும் உள்ளே இழுபட்டு டயரின் முதுகு கூர்மையாகிவிடும். சாய்க்கும்போது சாலையைத் தொடும் ரப்பர் கூடுவதற்குப் பதில் தாறுமாறாகும், திருப்புவதும் கனமாகும். சில வண்டிகளில் செயினிலோ மட்கார்டிலோ உரசும். டயரின் மொத்த உயரம் மாறினால் சக்கர வேகத்தை வைத்துக் கணக்கிட்டு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் கணக்கு பிசகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கும் கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்று கலக்காதீர்கள். வண்டிக் கம்பெனியே முன்னால் பயஸும் பின்னால் ரேடியலுமாகக் கொடுத்திருந்தால் அந்த ஜோடியை அப்படியே தொடரலாம்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும், எப்போது வாங்குவது

வேலூரில் பெரிய டயர் கடைகளின் கவனம் கார், லாரி மேல்தான். எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், டி.வி.எஸ். யூரோகிரிப் போன்ற உள்நாட்டு கம்பெனி டயர்கள் டீலரிடம் இருக்கும், இல்லையென்றாலும் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். மிச்செலின், பிரெல்லி, மெட்ஸெலர் வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோட்டையோ பெங்களூர் ஜே.சி. ரோட்டையோ பார்க்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் ஆன்லைன். 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டதிலிருந்து சில வெளிநாட்டு டயர்கள் ஒரு நேரம் கிடைக்கும், ஒரு நேரம் கிடைக்காது. போன் செய்து, கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் காட்பாடியில் ரயில் ஏறாதீர்கள்.

விலை தோராயமாக: 140, 150 அகல பின் டயர் உள்நாட்டுத் தயாரிப்பு நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் வரை. வெளிநாட்டுப் பெயர் போட்டவை அதற்கு மேலே, சிலது பத்தாயிரத்தையும் தாண்டும். முன் டயர் இதில் கால் பங்காவது குறையும். மாட்டும் கூலி சக்கரத்துக்கு நூற்றைம்பதிலிருந்து முந்நூறு. பேலன்ஸிங் (சக்கரத்தின் கனம் சுற்றிலும் சமமாக இருக்கச் சின்ன எடை ஒட்டுவது), புது வால்வு தனி. ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய் குறைவாக வாங்கி, மாட்டுவதற்குக் கடைக்காரரிடம் கெஞ்சி நிற்பதை விட, அதே கடையில் வாங்கி அங்கேயே மாட்டுவது நல்லது. வாரண்டி கேட்கும் நாளில் அந்த உறவு வேலைக்கு ஆகும்.

ஜி.எஸ்.டி.யையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டி யாராவது விலை சொன்னால் பில்லில் வரி எவ்வளவு வரும் என்று கேளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசிக்குள் மாற்றிவிடுவது நல்லது. சித்திரையில் புது டயர் போட்டு அக்னி நட்சத்திரத்தில் அதன் முதல் ரப்பரைக் கரைப்பது வீண்செலவு. பழையதில் ஓட்டம் மிச்சம் இருந்தால் அந்த வெயிலைப் பழைய டயரிலேயே கடத்துங்கள். மலைக்குப் போவதற்கு முந்தைய நாள் மாலை மாற்றுவதும் வேண்டாம், காரணம் எட்டாவது படியில் வருகிறது.

5. பணம் கொடுப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்

டயரின் ஒரு பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அதனால் மாட்டியபின் தேடினால் டிஸ்க்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கையில் எடுத்து, தரையில் உருட்டி, இரண்டு பக்கமும் பாருங்கள்.

செய்து ஒரு வருடத்துக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இரண்டு வருடம் ஆகியிருந்தால் விலை குறைத்துக் கேளுங்கள். மூன்றைத் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். ஓடாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும். அதுவும் தகரக் கூரைக்கு அடியில் வேலூர் வெயிலில் இரண்டு கோடை கிடந்த டயர் என்றால் கேட்கவே வேண்டாம். "அண்ணா, இந்த வருஷ தேதி இருந்தா எடுத்துக் குடுங்க" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். இல்லையென்றால், டீலரிடம் சொல்லி வரவழைக்க இரண்டு மூன்று நாள் ஆகும், காத்திருங்கள். ஆன்லைனில் வாங்கினால் தேதியின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மறுத்தால் அந்த விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் விற்கும் டயருக்கு அது கட்டாயம். 'செகண்ட்ஸ்' என்றோ, டிராக்கில் ஓட்டிய டயர் என்றோ சொல்லி மலிவாகக் கொடுப்பதையும் வாங்காதீர்கள். டிராக்கில் பலமுறை சூடாகி ஆறிய ரப்பர் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பிடிப்பு இருக்காது.

6. மாட்டி முடியும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்

வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். ஸ்கூட்டர் பஞ்சர் கடையில் இரும்புக் கம்பியால் நெம்பிக் கழற்றினால் அலாய் ரிம்மின் ஓரம் பொளியும். அந்தப் பொளிவில்தான் பிறகு காற்று மெல்லக் கசியும். டயர் கழற்றும் மெஷின் இருக்கும் கடைக்கு மட்டும் போங்கள். மெஷினிலும் ரிம் ஓரத்துக்குப் பிளாஸ்டிக் காப்பு போடச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தரையில் படுக்க வைக்கும்போது பிரேக் டிஸ்க் கீழே படக் கூடாது. ஏ.பி.எஸ். வளையமும் அதே பக்கம்தான் இருக்கும்.

பார்க்க வேண்டியவை: டயரின் சுழல் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிடுவது அபூர்வம் இல்லை. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வர வேண்டும். ரப்பர் வால்வைக் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள், ஐம்பது ரூபாய் சமாச்சாரம். காற்று ஏற்றும்போது 'டப்' என்று இரண்டு சத்தம் கேட்கும். அதன்பின் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் இன்னும் சரியாக உட்காரவில்லை. சோப்புத் தண்ணீரை வால்விலும் ஓரத்திலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம்.

பேலன்ஸிங் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். கார் பேலன்ஸிங் மெஷினில் பைக் சக்கரம் உட்கார தனி அடாப்டர் வேண்டும், அது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லாத கடையிலும் ஆக்சில் மேல் சக்கரத்தைத் தொங்கவிட்டு, கனமான பக்கம் கீழே வந்து நிற்பதைப் பார்த்து எதிர்ப்பக்கம் எடை ஒட்டலாம். பேலன்ஸ் இல்லாத முன் சக்கரம் எண்பது, தொண்ணூறில் ஹேண்டிலில் நடுக்கமாகத் தெரியும்.

பின் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஸ்விங் ஆர்மில், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில், இரு பக்கமும் இருக்கும் கோடுகள் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு கோடு தள்ளியிருந்தால் சக்கரம் கோணலாக ஓடும், புது டயரின் ஒரு பக்கம் மட்டும் தேயும், செயினும் கெடும். ஆக்சில் நட்டை இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போதே பேரிங்கை விரலால் சுற்றி, கரகரப்பு இருக்கிறதா என்றும், பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் என்றும் பார்த்துவிடுங்கள்.

7. பில்லில் என்ன இருக்க வேண்டும்

நான் அதிகம் அலைந்தது இதனால்தான். என் டயரின் பக்கச் சுவரில் கொப்புளம் வந்தபோது, பில்லில் டயரின் வரிசை எண் இல்லை, அதே டயர்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார்கள். எழுதித் தர வேண்டியது கடைக்காரர், அலைய வேண்டியதாகிப் போனது வாங்கியவர்.

ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய பில் கேளுங்கள். துண்டுச் சீட்டு, எஸ்டிமேட் எதுவும் உதவாது. பில்லில் உங்கள் பெயர், வண்டி எண், டயரின் முழு அளவும் மாடலும், ஒவ்வொரு டயரின் வரிசை எண், தயாரிப்பு வாரம், அன்றைய ஓடோமீட்டர் கணக்கு எல்லாம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பில்லில் இடம் இல்லை என்றால் கையால் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். வாரண்டி அட்டை தனியாக இருந்தால் அதிலும் தேதியும் முத்திரையும். கம்பெனி இணையத்தில் பதிவு செய்யச் சொன்னால் அன்றே செய்துவிடுங்கள். வரிசை எண், தேதி எண், பில் மூன்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பி வையுங்கள், பில் மை ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

8. முதல் 150 கிலோமீட்டர்

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். ரப்பர் முடிகள் விறைத்து நிற்கும். அந்த மேல் தோல் உரிந்து சொரசொரப்பாகும் வரை பிடிப்பு முழுதாக வராது. நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை திடீர் ஆக்ஸிலரேட்டர், திடீர் பிரேக், ஆழமான சாய்வு மூன்றும் வேண்டாம்.

ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் போய் வந்தால் நூறு கிலோமீட்டர் ஆகிவிடும், ஆனால் நடுப்பட்டை மட்டும்தான் தயாராகும். ஓரம் அப்படியே வழுக்கும். அதனால் கண்ணமங்கலம், போளூர் வழியாக வளைவுகள் இருக்கும் சாலையில் காய்ந்த நாளாகப் பார்த்துப் போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டுங்கள். ஷைன் வரும் பாலிஷ் எதையும் டயரில் தடவாதீர்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் கேட்காமலே தடவிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. காற்று: நம் வெயிலில் கணக்கு வேறு

அளவு எவ்வளவு என்பதற்கு ஸ்விங் ஆர்மிலோ செயின் கார்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் கையேடும்தான் ஆதாரம். அந்த எண் குளிர்ந்த டயருக்கானது. அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும். காலையில் வீட்டிலேயே அளப்பதுதான் சரி. சொந்த கேஜ் ஒன்று வாங்குங்கள், பங்க்குக்குப் பங்க் மீட்டர் மாறும்.

காலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஓட்டத்தில் 30 டிகிரி சூடேறினால் 34க்கு மேல் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுகிறவர்கள் அதிகம். இறக்காதீர்கள். மறுநாள் காலையில் அதே டயர் 26இல் நிற்கும். குறைந்த காற்றில் டயர் அதிகம் மடங்கி நிமிரும், அதனால் இன்னும் சூடாகும், ஓரம் தேயும், குழியில் விழுந்தால் ரிம் வளையும். டிராக் வீடியோ பார்த்துவிட்டு மலைக்கு 24 வைத்துப் போகும் கல்லூரித் தம்பிகள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். டிராக்கில் காற்றைக் குறைப்பது தொடர்ந்து பலமாக ஓட்டி டயர் கொதிக்கும் நிலைக்காக. ஏலகிரியில் ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்போம்.

காற்றைக் கூட்டி வைத்தால் நடுப்பட்டை இன்னும் சீக்கிரம் தேயும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஸ்டிக்கரில் அதற்குத் தனி எண் இருக்கும், அதை வையுங்கள். வாரம் ஒரு முறை பார்ப்பது போதும். நைட்ரஜன் கட்டாயம் இல்லை.

10. பஞ்சர்

நடுப்பகுதியில் சின்ன ஆணி என்றால், டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவப் பேட்ச் போடுவதுதான் நிரந்தர வழி. வெளியிலிருந்து திரி குத்துவது வீடு சேர்வதற்கு. திரி குத்திய டயரோடு நெடுஞ்சாலையில் வேகம் பார்க்காதீர்கள். தோள்பட்டையிலோ (நடுப்பகுதி பக்கச் சுவரைச் சேரும் ஓரம்) பக்கச் சுவரிலோ ஓட்டை என்றால் ஒட்டவே கூடாது, டயர் போச்சு. திரவ ஜெல் ஊற்றியிருந்தால் பேலன்ஸ் கெடும், வாரண்டியிலும் கேள்வி வரும்.

11. நம் சாலையில் பிடிப்பு எங்கே போகிறது

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் அறுவடைக் காலத்தில் கேழ்வரகும் கொள்ளும் சாலையிலேயே காயும், தாளும் பரப்பியிருப்பார்கள். எந்த டயரும் அதன் மேல் நிற்காது. வேகத்தை முன்பே குறைத்து நிமிர்ந்தபடி கடந்துவிடுங்கள், அதன் மேல் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். அம்முண்டி சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் திருவலம் சாலையில் டிராக்டரிலிருந்து விழுந்த கரும்பும் தோகையும் கிடக்கும், இரவில் கண்ணுக்குத் தெரியாது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் சக்கரம் ஓடாத ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும். மேலே ஏறும்போது வளைவின் உள் ஓரத்தை ஒட்டிப் போக ஆசை வரும், அங்கேதான் மணல். மார்கழிக் காலையில் முதல் சில வளைவுகளை மெதுவாக எடுங்கள். நெடுஞ்சாலையில் சூடான டயர், டீக்கடையில் நிற்கும் அரைமணியில் ஆறிவிடும், ஓரம் எப்போதுமே சூடாகியிருக்காது.

முதல் மழையின் முதல் அரைமணி மோசமானது. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மேலே வரும். வேகத்தடை வெள்ளைப் பட்டையும் பாலத்து இரும்பு இணைப்பும் ஈரத்தில் வழுக்கும்.

12. வாரண்டி, இன்சூரன்ஸ், புகார்

வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும். ஆணி, குழி, தேய்மானம், குறைந்த காற்றில் ஓட்டியது எதற்கும் இல்லை. வண்டியோடு வந்த டயராக இருந்தாலும் பதில் சொல்வது டயர் கம்பெனி, ஷோரூம் இல்லை. டயரைக் கம்பெனியின் ஆள் பார்த்துத்தான் முடிவு சொல்வார். ஏற்றுக்கொண்டாலும் தேய்ந்த அளவுக்குப் பணம் கழித்துக்கொண்டு புது டயர் தருவதுதான் வழக்கம். ஆகவே கொப்புளத்தைப் பார்த்த அன்றே போங்கள், தேயத் தேய உங்கள் பங்கு கூடும். டயரை ஒப்படைக்கும்போது தேதி போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சாதாரண முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. அதே விபத்தில் வண்டிக்கும் சேதம் என்றால் டயர் விலையில் பாதி வரை வரும். ரேஸிலோ வேகச் சோதனையிலோ நடந்ததற்குப் பாலிசி பொறுப்பேற்காது, டிராக்குக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கடையும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், கட்டணம் இல்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். வாங்கிய விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நீங்களே வாதாடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. மனுவோடு பில் நகல், வரிசை எண் தெரியும் போட்டோ, டயரை ஒப்படைத்த ரசீது, நிராகரித்த கடிதம், 1915 புகார் எண் ஆகியவற்றை இணையுங்கள். கம்பெனி திருப்பித் தந்த பழைய டயரைப் பழைய ரப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், வழக்கு முடியும் வரை வீட்டில் வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள்.